ஓராண்டுச் சாமானைப் பிளாஸ்டிக் வாளியில் வைக்கலாமா? ஏற்காட்டுப் பனியும் சேலத்து வெயிலும்

மஞ்சக்குட்டை வீடு:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நான் சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஏறிச் செல்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மாதாமாதம் மூட்டை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பதால், வருடச் சாமானை ஒரே தடவையில் வாங்கி வைப்பது தாத்தா காலத்துப் பழக்கம். அரிசி 100 கிலோ, கேழ்வரகு 30 கிலோ, துவரம் பருப்பு 15 கிலோ, அவற்றோடு புளி, மிளகாய், மல்லி. இவை அனைத்தையும் 15 கிலோ எண்ணெய் டின்களில்தான் வைத்திருந்தோம். மலைக்காற்றின் ஈரத்தில் டின்களின் அடிப்பாகம் துருவேறி, தொட்டால் பொரியும் நிலைக்கு வந்துவிட்டது.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்திக்கு வந்த 10 கிலோ தயிர் வாளிகளில் 12 காலி வாளிகள் எங்களுக்குக் கிடைத்தன. கழுவிக் காயவைத்து, ஐப்பசியில் வாங்கிய புழுங்கல் அரிசியை அவற்றில் நிரப்பி, மூடியை இறுக்கி வைத்தோம். தை மாதம் திறந்தபோது இரண்டு வாளிகளில் பூசண வாடை. ஒன்றில் அரிசி கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. வாளி மூச்சுவிடாது, அதனால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் அம்மா. அப்பாவோ, காலையில் பனிக்குள் மூடியைத் திறப்பதால் ஈரம் உள்ளே போகிறது என்கிறார்.

இதற்கிடையில், எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் 6 தருவதாகச் சொல்கிறார். அவற்றின் அடியிலும் தயிர் வாளியில் உள்ள அதே முக்கோணமும் 5 என்ற எண்ணும் இருக்கின்றன. எண் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதானே, நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாமா? வாளி மட்டும் போதுமா, அல்லது இணையத்தில் பேசப்படும் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களும் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வார்ப்புக்கூடம்:

பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவன் என்ற முறையில், வாளியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அரிசியைப் பற்றி அறிந்தவர்கள் வேறு பலர் இங்கே இருக்கிறார்கள்.

முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அந்தப் பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று பழைய சாமான் பிரிப்பவருக்குச் சொல்வதற்காக 1988-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு. 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். உணவுக்கு ஏற்றதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. ஒரே பாலிப்ரொப்பிலீன் குருணையிலிருந்து தயிர் வாளியும் வார்க்கலாம், பெயிண்ட் வாளியும் வார்க்கலாம். வேறுபாடு அதோடு சேரும் சாயத்திலும், பதப்படுத்தும் சேர்மானங்களிலும், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிய குருணை கலந்ததா என்பதிலும்தான் இருக்கிறது. உணவு வாளிக்குப் பாலிஎத்திலீன் என்றால் ஐ.எஸ். 10146, பாலிப்ரொப்பிலீன் என்றால் ஐ.எஸ். 10910, சாயத்துக்கு ஐ.எஸ். 9833 என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரையறைகள் உள்ளன. பாத்திரத்திலிருந்து உணவுக்குள் எவ்வளவு பொருள் கசிகிறது என்பதை ஐ.எஸ். 9845 முறைப்படி அளப்பார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதிவு விதிகளின்படி, அந்தக் கசிவு ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பெயிண்ட் வாளி வார்ப்பவருக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. அவர் வாளி கீழே விழுந்தால் உடையக் கூடாது என்பதை மட்டும் பார்ப்பார். மறுசுழற்சிக் குருணை கலந்திருந்தாலும் அவரைக் கேட்பவர் கிடையாது.

இன்னொன்று உண்டு. பாலிப்ரொப்பிலீன் கண்ணாடியைப் போன்றதன்று. உள்ளே இருந்த பொருளின் வாசனையையும் எண்ணெய்ப் பசையையும் சுவரிலேயே கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும். பெயிண்டில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் மருந்துகளும் கரைப்பான்களும் கழுவினால் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, சுவரை விட்டுப் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. அந்த 6 வாளிகளையும் தோட்டத்துக்கு எரு அள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

வாளி வாங்கும்போது கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த அடையாளத்தைப் பாருங்கள். உணவுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை வெள்ளையாகவோ பால் நிறமாகவோ இருப்பதையே எடுங்கள். கறுப்பு, அடர்நீலம், புள்ளி புள்ளியாகத் தெரியும் சாம்பல் நிறம் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் பழைய பிளாஸ்டிக்கை மறைப்பதற்கு அடர்நிறம்தான் எளிய வழி. இந்த வகை வாளிகளில் பி.பி.ஏ. (பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள்) இல்லை என்று ஒட்டுச்சீட்டு ஒட்டி விலை கூட்டுகிறார்கள், பி.பி.ஏ. பாலிகார்பனேட் செய்வதற்கு வேண்டிய பொருள், பாலிப்ரொப்பிலீனில் அதற்கு இடமே கிடையாது.

லீ பஜார் மளிகை:

மஞ்சக்குட்டை நண்பருக்கு. உங்கள் வாளியின் மீது குற்றம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐப்பசியில் புழுங்கல் அரிசி வாங்கி ஓராண்டுக்கு அடைத்து வைத்ததுதான் குற்றம். அடைமழைக் காலத்தில் ஆலையில் புழுக்கிக் காயவைத்த நெல் முழுதும் காய்ந்திருக்காது. அரைத்த அரிசி மூட்டையில் நிற்கும்போதும் காற்றிலிருந்து ஈரம் வாங்கும். நெல்லோ அரிசியோ இருப்பு வைக்க ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஓராண்டு என்றால் 12, 13 இருப்பது நல்லது. சாக்குமூட்டையில் இருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியேறியிருக்கும். இறுக மூடிய வாளியில் அது வெளியேற வழி இல்லை. அந்த வகையில் உங்கள் அம்மா சொல்வது பாதி சரி.

ஈரம் பார்க்கும் கருவி வேண்டாம். எங்கள் கடையில் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் செய்து காட்டிய முறை இது: நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு அரிசியைப் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கிவிட்டுப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் அரிசியில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். ஒட்டாமல் உதிர்ந்தால் வாளியில் போடலாம்.

மாசி, பங்குனியில் வாங்குங்கள். அறுவடை முடிந்து நெல் வரத்தும் இருக்கும், வெயிலும் இருக்கும். வாங்கியதை ஒரு நாள் நிழல் கலந்த வெயிலில் பாயில் பரப்பி, மாலையில் உடனே அள்ளிவிடாமல், முற்றிலும் ஆறிய பிறகு வாளியில் நிரப்புங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியின் அடியில் வேர்க்கும். உச்சி வெயிலில் நாள் கணக்கில் காயவைத்தால் அரிசி வெடித்து நொய்யாகும், அதுவும் வேண்டாம்.

வண்டு வெளியிலிருந்து வந்து ஏறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அரிசியோடுதான் வருகிறது. பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். முட்டை வெளியே தெரியாது. சேலத்து வெப்பத்தில் 30, 40 நாளில் புது வண்டு மணியைக் குடைந்துகொண்டு வெளியே வரும். வாளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போன முட்டையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கிடங்குகளில் புகைமூட்டப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது கொடுத்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு உறங்குபவர்களைக் கொன்றுவிடும். அரசுத் துறைகளுக்கும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மட்டுமே அதை விற்க வேண்டும் என்பது சட்டம்.

எவர்சில்வர் பக்தன்:

இரும்பாலை இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் வாளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே என்று வியப்பாக இருக்கிறது. 1980-களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர்த் தகடு உருட்டும் ஊர் இது. என் தாயார் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர்த் தூக்கும் டிரம்மும் இன்றும் அப்படியே இருக்கின்றன. துருப்பிடிக்காது, வாசனை இழுக்காது, எலி கடிக்காது. பிளாஸ்டிக் வாளியின் விளிம்பை எலி ஒரே இரவில் கொறித்துவிடும் என்பதை மலைவீட்டில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை கூடுதல் என்பீர்கள். மூன்று தலைமுறைக்குப் பங்கிட்டுப் பாருங்கள்.

வார்ப்புக்கூடம்:

எவர்சில்வரை நானும் மறுக்கவில்லை ஐயா. எலி விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு எதிர்வாதமே கிடையாது. ஆனால் வீட்டு எவர்சில்வர் டிரம்மின் மூடி மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர, காற்றுப் புகாமல் கவ்வுவதில்லை. வண்டுக்கு அந்த இடைவெளி அகலப்பாதை. தயிர் வாளியின் மூடியோ விளிம்பைச் சுற்றிக் கவ்வும். சிலவற்றில் ரப்பர் வளையமும் இருக்கும்.

கன்னங்குறிச்சி மாடி:

நான் இரண்டு ஆண்டுகளாக ஆக்சிஜன் உறிஞ்சி வைத்துச் செய்து பார்க்கிறேன், தோல்வியும் கண்டிருக்கிறேன். விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கர்கள் இதற்கு 5 காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் வாளியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 15 கிலோ அரிசி பிடிக்கும். ஆனால் அவர்கள் அரிசியை நேரே வாளியில் கொட்டுவதில்லை. அலுமினியப் படலம் சேர்த்த தடித்த பாலியஸ்டர் பையை வாளிக்குள் விரித்து, அதில் அரிசியையும் உறிஞ்சிப் பொட்டலத்தையும் போட்டு, பையின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, அதன் பிறகே மூடி போடுகிறார்கள். காற்றைத் தடுப்பது பை. எலி, இடி, அழுத்தம் ஆகியவற்றிலிருந்து காப்பது வாளி. இந்த வேலைப் பிரிவினையைப் புரிந்துகொள்ளாமல் முதல் ஆண்டு நான் பையில்லாமல் செய்தேன். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டுமே ஆக்சிஜனை மெல்ல மெல்ல உள்ளே விடும் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் வாரம் உள்ளே இழுத்துக் குழிந்திருந்த வாளியின் பக்கங்கள் சில மாதங்களில் பழையபடி நிமிர்ந்துவிட்டன. ஆனாலும் வண்டு வரவில்லை, ஏனென்றால் அந்தச் சில வாரங்களிலேயே முட்டையும் புழுவும் மூச்சு முட்டி இறந்துவிட்டன. எனவே ஓராண்டுக்கு வண்டைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் பை இல்லாமலும் பயன் உண்டு. பல ஆண்டுகள் என்றால் பை கட்டாயம்.

பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. எத்தனை பொட்டலம் வேண்டும் என்பதற்கு என் கணக்கு: 10 லிட்டர் வாளி நிறைய அரிசி இருந்தாலும் மணிகளுக்கு இடையே ஏறக்குறைய 4 லிட்டர் காற்று இருக்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஆக 840 மில்லிலிட்டர். அதனால் ஒரு தயிர் வாளிக்கு 1000 மில்லிலிட்டர் அளவுள்ள பொட்டலம், அல்லது 300 அளவுள்ளவை நான்கு. உறையைப் பிரித்த அரை மணிக்குள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். நின்று கதை பேசினால் பொட்டலம் அறையின் காற்றையே குடித்துத் தீர்ந்துவிடும். வாளியை விளிம்பு வரை நிரப்புவது நல்லது.

இரண்டு இடங்களில் இதை வைக்கக் கூடாது. சர்க்கரையிலும் உப்பிலும் வைத்தால் பாறையாக இறுகிவிடும். ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள உணவில் வைப்பது ஆபத்து, ஏனென்றால் ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில்தான் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும். அரிசிக்கே 12, 13 என்று லீ பஜார் அண்ணன் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்க வழிகாட்டிகள் சொல்லும் அளவுக்கு நம் அரிசியைக் காயவைப்பது எளிதன்று. அதனால் ஏற்காட்டு வீட்டுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்கவில்லை. என் வீட்டில்கூட நன்றாகக் காய்ந்த பருப்புக்கும் கேழ்வரகுக்கும்தான் வைக்கிறேன். அரிசியை இரண்டு இரண்டு கிலோவாகப் பையில் கட்டி, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் நான்கைந்து நாள் வைத்து எடுத்து, பையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வந்த பிறகு வாளியில் போடுகிறேன். முட்டை செத்துவிடுகிறது. நூறு கிலோவுக்கு இது ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதே வழிகாட்டிகள் அரிசி 25, 30 ஆண்டு தாங்கும் என்று எழுதுவது குளிர்ந்த நிலவறைகளை வைத்து. பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்து மொட்டைமாடி அறையில் அந்தக் கணக்கு செல்லாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

வெள்ளக்கடை:

எங்கள் பக்கத்தில் சாமையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள் வாளியையோ பொட்டலத்தையோ கண்டதில்லை. கேழ்வரகைக் கதிரடித்துக் காயவைத்து மண் பூசிய குதிரில் போட்டால் பல ஆண்டு கெடாது. மணி மிகச் சிறியது, அதனுள் வண்டு குடும்பம் நடத்த இடமில்லை. அதையே மாவாக்கி வாளியில் வைத்துப் பாருங்கள், இரண்டு மாதத்தில் சிவப்பு மாவு வண்டு நெளியும், கசப்பும் ஏறும். சாமையும் அப்படித்தான். உமியோடு இருக்கும்வரை கல் மாதிரி கிடக்கும். அரிசியாகக் குத்திய பிறகு தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்கெடுத்துவிடும். கடையில் வாங்கிய சாமை அரிசியை ஓராண்டுக்கு அடைத்து வைத்துவிட்டு வாளியைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தானியக் குதிர்களை வீட்டின் உட்சுவரை ஒட்டி, அடுப்புப் புகை படும் இடத்தில், கல்லின் மேல் தூக்கி வைப்பார்கள். வாளி வைப்பவர்களும் இதை மறக்க வேண்டாம். பனிக்காலத்தில் வெளிச்சுவரும் சிமெண்டுத் தரையும் குளிர்ந்துவிடும். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில்தான் வாளிக்குள் முதலில் வேர்க்கும். கட்டி கட்டியாக ஒட்டியது எந்தப் பக்கம் என்று மஞ்சக்குட்டைக்காரர் பார்த்தாரா?

அழகாபுரம் இயற்பியல்:

பனிக்குள் மூடியைத் திறப்பதால் ஈரம் போகிறது என்ற அப்பாவின் கருத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. 20 டிகிரி வெப்பத்தில், பனி மூடிய, நீராவி முழுதும் நிறைந்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீர் இருக்கும். பாதி காலியான 10 லிட்டர் வாளியில் 5 லிட்டர் காற்று. அதில் உள்ள நீர் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தினமும் திறந்து, ஒவ்வொரு முறையும் அவ்வளவு நீரையும் அரிசி குடித்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், ஓராண்டுக்கு 31 கிராம்தான் சேரும். அந்த வாளியில் பிடிக்கும் 8 கிலோ அரிசி 14 சதவீத ஈரத்தில் தன்னோடு கொண்டுவரும் நீர் எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டருக்கு மேல். 16 சதவீதத்தில் போட்டிருந்தால், 13-ல் போட்டதைவிடக் கால் லிட்டர் நீர் கூடுதலாக உள்ளே போயிருக்கும். மூடியைத் திறந்து திறந்து ஏழு ஆண்டு ஆனாலும் அவ்வளவு நீர் சேராது.

மூடியைச் சரியாக மூடாமல் இரவு முழுதும் விட்டுவிட்டால் கதை வேறு, அப்போது காற்று தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். ஈரக் கரண்டியால் அள்ளினாலும் கதை வேறு.

சூரமங்கலம்:

நான் ஐந்து ஆண்டுகளாகப் பெயிண்ட் வாளியில்தான் அரிசி வைக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்பட ஆரம்பித்தால் வாழ முடியாது.

வார்ப்புக்கூடம்:

ஐந்தாண்டில் ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்புகிறேன். கசியும் பொருள் வயிற்றுவலியாக மறுநாள் வந்து நிற்பதன்று, அதனால் ஆகவில்லை என்று வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்கவும் முடியாது. இனிப்புக் கடைகளிலும் பேக்கரிகளிலும் ஜாமும் குளுக்கோசுப் பாகும் வந்த 20 லிட்டர் வாளிகள் பழைய விலைக்கே கிடைக்கின்றன. பெயிண்ட் வாளி இலவசம் என்பது ஒன்றைத் தவிர, அதை விரும்ப எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மஞ்சக்குட்டை வீடு:

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் போய்ப் பார்த்தேன். வெள்ளக்கடை ஐயா கேட்டது சரிதான்: கட்டியாக ஒட்டியிருந்த வாளி வடக்குச் சுவரை ஒட்டித் தரையில் இருந்தது என்றும், ஒட்டியதும் சுவர்ப் பக்கத்தில்தான் என்றும் அம்மா சொல்கிறார். மீதியிருந்த அரிசியில் உப்புச் சோதனையும் செய்து பார்த்தேன். பாட்டிலின் சுவரில் உப்பு திருநீறு பூசியது போல் ஒட்டிக்கொண்டது. அப்பாவின் பனிக் கொள்கையை அழகாபுரம் ஐயாவின் கணக்கோடு படித்துக் காட்டினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை.

வாளிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். காலி வாளியை மூடித் தொட்டி நீரில் அழுத்திப் பிடித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வருகிறது. மொத்தம் 12-ல் மூன்று தேறவில்லை. முதல் தடவை திறக்கும்போது கிழிக்க வேண்டிய பிளாஸ்டிக் நாடாவோடு சேர்த்து மூடியின் விளிம்பையும் கிழித்திருக்கிறார்கள். இன்னொன்றில் திருமண வீட்டில் யாரோ ஊறுகாய் போட்டு வைத்திருந்ததால் எத்தனை முறை வெயிலில் வைத்தாலும் வாடை போகவில்லை. மீதமுள்ள 8 வாளிகளில் 64 கிலோ அரிசிதான் பிடிக்கும், எனவே இன்னும் வாங்க வேண்டும்.

பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் ஆகியவற்றை என்ன செய்வது?

கன்னங்குறிச்சி மாடி:

துவரம் பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி, ஒரு நாள் வெயிலில் வைத்து ஆறவிட்டுப் போடுங்கள். பயறு வண்டு வழுவழுப்பான மேல்தோலில் முட்டை ஒட்டச் சிரமப்படும். முழுப் பயறாக வாங்கினால்தான் இது மிகவும் தேவை; செம்மண் கட்டி உடைத்த பருப்பில் வண்டுத் தொல்லை குறைவு. வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போடுபவர்களும் உண்டு. எனக்கு அதன் வாசனை பருப்பில் ஏறுவது பிடிக்கவில்லை.

புளி வாளிக்கு ஆகாது. உப்புச் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் வைப்பதே சரி. எண்ணெயில் ஊறும் ஊறுகாயும் அப்படித்தான். புளிப்பும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவு கூடும். மிளகாயும் மல்லியும் வாளியில் நன்றாக இருக்கும், ஆனால் அந்த வாளி வாழ்நாள் முழுதும் மிளகாய் வாளிதான். வெல்லம் மலைக்காற்றில் இளகும். சிறு சிறு டப்பாவாகப் பிரித்து வையுங்கள். நம் ஊர் ஜவ்வரிசி நன்கு உலர்த்தி வருவதால் எந்த வம்பும் இல்லாமல் ஓராண்டு கிடக்கும்.

லீ பஜார் மளிகை:

ஒரு சேர்க்கை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி ஒன்று உண்டு. பக்கமெல்லாம் துளையிட்ட குழாய், அடியில் ஒரு குவளை. அரிசிக்குள் செருகி வைத்தால், காற்றுக்காகத் துளைக்குள் நுழையும் வண்டு வழுக்கிக் குவளைக்குள் விழும். மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் வாளியில் வண்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரியும். ஏற்காட்டுக் குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும். உங்களுக்குப் பூசணம்தான் பகை. கீழே எங்களுக்கு நேர்மாறு.

மஞ்சக்குட்டை வீடு:

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், யாருக்காவது பயன்படலாம். பங்குனியில் 100 கிலோ வாங்கி, சேலத்திலேயே ஒரு நாள் உலர்த்தி, இரவு முழுதும் ஆறவிட்டு, உப்பு ஒட்டவில்லை என்று பார்த்த பிறகு 13 வாளிகளில் நிரப்பினோம். பொட்டலம் வைக்கவில்லை. உள்ளறையில் பலகை அடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்றடுக்குக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறேன். எலிக்காகப் பலகையின் கால்களில் பழைய எண்ணெய் டின்னின் தகட்டை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்; எவர்சில்வர் ஐயா மன்னிக்க வேண்டும். இதுவரை 6 வாளிகள் திறந்தாகிவிட்டன. பூசணம் இல்லை. ஆறாவது வாளியில் நான்கைந்து வண்டுகள் இருந்தன. முறத்தில் புடைத்து வெயிலில் போட்டார் அம்மா.

எதிர்பாராத ஒரு சிக்கல் என்னவென்றால், மூடியைத் திறக்க அம்மாவின் கைக்கு வலு போதவில்லை. விரலில் வாதம் இருப்பதால் விளிம்பைச் சுற்றி நெம்ப முடிவதில்லை.

வெள்ளக்கடை:

வாரத்துக்கு வேண்டிய அரிசியை ஒரு சிறிய எவர்சில்வர்த் தூக்கில் எடுத்து வைத்துவிட்டு, வாளியை நீங்கள் வரும்போது திறந்து மூடுங்கள். அவசரத்துக்கு, பழைய சட்டுவத்தின் தட்டையான நுனியை விளிம்பின் அடியில் கொடுத்து, ஒரே இடத்தில் அழுத்தாமல் நான்கு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பச் சொல்லுங்கள். கத்தி வேண்டாம், விளிம்பு கிழிந்துவிடும்.

மஞ்சக்குட்டை வீடு:

சட்டுவம் வேலை செய்கிறது. தூக்கும் வாங்கிவிட்டேன், 5 கிலோ பிடிக்கிறது.